கட்டினேன் மாமா

– அந்த ஸ்பேனரைத் தொடாதீங்க, லைப்ரரியம்மா. அது அங்கதான் கிடக்கணும்.

– தரையில கிடக்கே தம்பி. யாராவது மிதிச்சா?

– மிதிக்க இங்க யாரு இருக்கா? நான் ஒருத்தன். பன்னெண்டாம் நம்பர் எங்க கிடக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். நீங்க அடுக்கி வச்சீங்கன்னா அப்புறம் அரை நாள் தேடணும்.

– முப்பத்தொரு வருஷம் லைப்ரரியில இருந்த கை தம்பி இது. அலமாரியில ஒரு புத்தகம் தலைகீழா நின்னாக்கூட அதைத் தாண்டி என்னால போக முடியாது. அதது அதது இடத்துல இருக்கணும். சரி, தொடலை. பாருங்க, கையைக் கட்டிக்கிட்டேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க.

– இப்போதைக்கு வேலையே சும்மா உக்காந்திருக்கிறதுதான். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டேன். பத்து நிமிஷம் போகணும்.

– எதுக்குப் பத்து நிமிஷம்?

– ஏர்பேக்னா என்னன்னு நினைச்சீங்க? பை மாதிரிதான் மடிச்சு வச்சிருக்கு. ஆனா பின்னாடி வெடி இருக்கு. பேட்டரியைக் கழட்டினாலும் கொஞ்ச நேரத்துக்குக் கரண்ட்டைப் பிடிச்சு வச்சுக்கும். மோதுற வேகத்துல பேட்டரி நசுங்கினாலும் பை விரியணும்ல, அதுக்கு. அவசரப்பட்டுக் கை வச்சா என் மூஞ்சியிலதான் விரியும். ஏற்கெனவே மூக்கு சப்பை.

– ஐயோ, உக்காருங்க, உக்காருங்க. பக்கத்து வீட்டுக்காரர் என்னடான்னா, இதுக்குப் போயி எதுக்கு அலையறீங்க, மீட்டருக்குள்ள சிவப்பா எரியற அந்தச் சின்ன பல்பைப் பிடுங்கிட்டா ஆச்சுன்னாரு.

– சொல்லுவாரு. அழற குழந்தையோட வாயைப் பொத்திட்டா பசி அடங்கிடுமா? அந்த லைட்டு எரிஞ்சா, 'நாளைக்கு எங்கேயாவது மோதினா என்னை நம்பாதே'ன்னு வண்டி சொல்லுதுன்னு அர்த்தம். சரி, நீங்க அன்னைக்குப் போன்ல சொன்னதை இன்னொரு தடவை வரிசையா சொல்லுங்க.

– கிழமையோட சொல்றேன். திங்கட்கிழமை காலையில வண்டியை இங்க விட்டேன். ஸ்டீரிங் கனமா இருக்கு, பள்ளத்துல இறங்கினா கடகடன்னு சத்தம் வருதுன்னு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொடுத்தீங்க. வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. புதன்கிழமை வீட்டு கேட்டுக்குள்ள விடறதுக்காக வலது பக்கம் முழுசா ஒடிச்சேன். உள்ளே எங்கேயோ டக்குன்னு ஒரு சத்தம். தையல் மெஷின்ல நூல் அறுமே, அது மாதிரி. உடனே அந்தச் சிவப்பு லைட்டு. அதுல ஒரு பூனை வேற குறுக்கே வந்துச்சு. ஹாரனை அமுக்கினா சத்தமே இல்லை.

– பூனை?

– அது பிழைச்சுது. என் நெஞ்சுதான் நின்னு போச்சு.

– ஹாரனும் போய் ஏர்பேக் லைட்டும் வந்துச்சுன்னா, ரெண்டுக்கும் பொதுவான இடம் ஒண்ணே ஒண்ணுதான். கம்ப்யூட்டரும் இப்ப அதைத்தான் சொல்லுச்சு, டிரைவர் பக்க ஏர்பேக்குக்குப் போற லைன் அறுந்திருக்குன்னு. எனக்கு உங்க போன்லயே தெரிஞ்சு போச்சு. கிளாக் ஸ்பிரிங்.

– கடிகாரத்துல இருக்குமே, அதுவா?

– பேருதான் அது. கதையைக் கேளுங்க. ஸ்டீரிங் வீல் சுத்துது, இல்லையா? ஏர்பேக் அந்த வீலுக்குள்ள இருக்கு. ஹாரனும் அங்கதான். ஆனா கரண்ட்டைக் கொண்டு வர்ற ஒயரு சுத்தாம கீழே நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒயரு முறுக்கிக்காம இருக்கணுமே? அதுக்கு ஒரு வட்ட டப்பா. டைலர் அளவெடுக்கிற டேப் மாதிரி ஒரு ரிப்பனை அதுக்குள்ள சுருட்டி வச்சிருக்கான். நடுவுல இருந்து இந்தப் பக்கம் ரெண்டரை சுத்து, அந்தப் பக்கம் ரெண்டரை சுத்து தாங்கும். அதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்.

– ஆனா ஸ்டீரிங்கே அவ்வளவு சுத்தாதே தம்பி. ரெண்டு சுத்து வர்றதுக்குள்ள இடிச்சு நின்னுடுமே.

– பரவாயில்லையே! கீழே எல்லாம் மாட்டியிருக்கிற வரைக்கும் நிக்கும். சக்கரத்தைத் திருப்புற கம்பி ஒண்ணு அடியில இருக்கு, ராக்குன்னு சொல்லுவோம். உங்க வண்டியில கெட்டுப் போனது அதுதான். அதைக் கழட்டிட்டா மேல இருக்கிற வீலுக்குக் கேக்க நாதியில்லை. விரலால தொட்டா பம்பரமா சுத்தும். யாராவது ஒரு முழுச் சுத்து சுத்தி விட்டுட்டாங்கன்னு வையுங்க. பார்க்கிறதுக்கு வீல் நேராத்தான் இருக்கும். உள்ளே ரிப்பன் ஒரு சுத்து தள்ளி நிக்கும். அப்படியே ராக்கை மாட்டிட்டா ஒண்ணும் தெரியாது, வண்டி நல்லா ஓடும். என்னைக்கு அந்தப் பக்கம் முழுசா ஒடிக்கிறீங்களோ அன்னைக்கு டக்.

– ஒரே ஒரு சுத்துக்கா?

– ஒண்ணு போதும். அதனாலதான் எங்க ஷெட்டுல ஒரு சட்டம் வச்சிருக்கேன். கீழே போல்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி, மேல டிரைவர் சீட்டு பெல்ட்டை இழுத்து, வீலுக்குள்ள விட்டு, ஒரு முறுக்கு முறுக்கி, அதோட பூட்டுல மாட்டிடணும். வீல் அசையவே அசையாது. ராக்கை மறுபடி மாட்டினப்புறம்தான் பெல்ட்டை அவுக்கணும்.

– சீட் பெல்ட்டையா?

– ஆமா.

– வீலுக்குள்ள விட்டு... முறுக்கி?

– அதேதான். ஏம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே?

– ஒண்ணுமில்லை. வெயில்ல வந்தது. கொஞ்சம் தண்ணி இருக்கா?

– அந்தப் பாட்டில்ல இருக்கு, குடிங்க. இந்த ஃபேனைத் திருப்பி விடறேன். வயசான காலத்துல ரெண்டு தடவை உங்களை அலைய விட்டுட்டோம். அந்தப் பாவி பண்ணின வேலை.

– தம்பி, சாவியை எடுத்துட்டா ஸ்டீரிங் தானா பூட்டிக்குமே? அப்புறம் பெல்ட்டு எதுக்கு?

– இந்த வண்டியில வீல் நேரா நிக்கும்போது பூட்டு விழாது, கோணலாத்தான் விழும். அதனால சாவியை உள்ளேயே விட்டு வச்சிருப்போம். பெல்ட்டு ஒண்ணுதான் காவல். அவன் அதைக் கட்டலை.

– யாரு?

– என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. நீங்க வண்டியை விட வந்தப்ப குழியில இருந்து தலையை நீட்டினானே, ஒல்லியா ஒருத்தன்.

– 'வணக்கம்மா, ஸ்டீரிங்கா, பூ மாதிரி பண்ணிக் கொடுத்துடலாம்'னு சொன்னாரே.

– வாய் நல்லாத்தான் பேசுவான். திங்கட்கிழமை ராக்கைக் கழட்டினது அவன். செவ்வாய்க்கிழமை அவனை வேற ஒரு வண்டிக்கு அனுப்பிட்டு, மாட்டினது நான். நான் வந்து பார்க்கிறப்ப பெல்ட்டு கட்டியில்லை. சும்மா தொங்குது.

– பார்த்தீங்களா? அப்ப அவரைக் கேக்கலையா?

– வீல் நேரா இருந்துச்சும்மா. நூல் பிடிச்ச மாதிரி நேரா. சரி, கட்டியிருப்பான், எதுக்கோ அவுத்திருப்பான்னு நினைச்சேன். கையில நாலு வண்டி. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கலை.

– இன்னைக்கு அவர் வரலையே?

– இனிமே வர மாட்டான். நேத்துக் காலையில போகச் சொல்லிட்டேன்.

– போகச் சொல்லிட்டீங்களா? இந்த லைட்டுக்காகவா?

– லைட்டுக்காக இல்லை. விடுங்க அதை. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. டீ சொல்லட்டுமா?

– வேண்டாம். என்னால சும்மா உக்கார முடியலை. இந்தச் சுவரைப் பாருங்க, எத்தனை நாள் அழுக்கு. இந்தத் துணியால ஒரு இழுப்பு இழுத்தா...

– அதைத் தொடாதீங்கம்மா!

– அம்மாடி! ஏன் இப்படிக் கத்தறீங்க?

– மன்னிச்சுக்கங்க. கீழே வையுங்க அந்தத் துணியை. அது அழுக்கு இல்லை. சாக்பீஸ் கோடு.

– கோடா? கண்ணாடியைப் போட்டுக்கறேன். அட, ஆமா. பத்துப் பத்தா வரிசையா போட்டிருக்கு. யாரு போட்டது?

– அவன்தான்.

– எதுக்கு?

– குடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. சாயங்காலம் ஷட்டரை இறக்கறதுக்கு முன்னாடி கையைக் கழுவிட்டு வந்து ஒரு கோடு போடுவான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

– ஏன்?

– பாராட்டினா தலைக்கு ஏறிடும்னுதான். வேறென்ன? இன்னொரு சட்டமும் வச்சிருந்தான், அவனே அவனுக்குப் போட்டுக்கிட்டது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் மொத்தச் சுவரையும் துடைச்சுடணும். மறுபடி ஒண்ணுல இருந்து. ரெண்டு தடவை துடைச்சிருக்கான். ஒரு தடவை பதினேழுல. இன்னொரு தடவை அறுபதுல. அன்னைக்கு எங்கிட்ட துணியைக் கேட்டான், நான் தூக்கி எறிஞ்சேன், குனிஞ்சு எடுத்துத் துடைச்சான்.

– இருங்க, எண்ணறேன்.

– எண்ண வேண்டாம். எனக்குத் தெரியும்.

– இருநூத்தி நாப்பத்தொண்ணு.

– இருநூத்தி நாப்பத்தொண்ணு. புதன்கிழமையோட.

– முதல் ரெண்டு வரிசை கோணல்மாணலா இருக்கு தம்பி. போகப் போக நேராகுது. கடைசி வரிசை அச்சடிச்ச மாதிரி இருக்கு.

– கை நடுக்கம் நின்னு போச்சுல்ல, அது. நான் அதைக் கவனிச்சதில்லை. நீங்க சொல்லித்தான் பார்க்கறேன்.

– அப்ப குடியை விட்டுட்டாரே! பிறகு ஏன் அனுப்பினீங்க?

– என்ன சொல்றது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, போதையில ஒரு வண்டிக்குச் சக்கரத்தோட நட்டை இறுக்காமலே அனுப்பிட்டான். நடு ரோட்டுல சக்கரம் தனியா, வண்டி தனியா ஓடுச்சு. உள்ளே ஒரு கைக்குழந்தை. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா எனக்கு அதுல இருந்து ஒரு பயம். நீங்க புதன்கிழமை போன் பண்ணி ஏர்பேக் லைட்டு, ஹாரன் இல்லைன்னதும், எனக்கு அந்தக் குழந்தை ஞாபகம்தான் வந்துச்சு. மறுநாள் அவன் வந்ததும் வராததுமா கேட்டேன், பெல்ட்டு கட்டினியாடான்னு.

– என்ன சொன்னாரு?

– 'கட்டினேன் மாமா'ன்னான். பொய் சொல்லாதேன்னேன். மறுபடி, 'கட்டினேன் மாமா'. நான்தான் கண்ணால பார்த்தேனே, பெல்ட்டு தொங்கினதை! 'அக்கா மேல சத்தியமா கட்டினேன் மாமா'ன்னான். அக்காவை இழுக்காதேன்னு சொல்லிட்டு... நான் ஒண்ணு பண்ணினேன். அதைச் சொல்லவே வாய் கூசுது.

– அடிச்சீங்களா?

– அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. வாயை ஊதச் சொன்னேன். நாலு கஸ்டமர் நிக்கிறாங்க, டீ கொண்டு வந்தவரு நிக்கிறாரு. எல்லார் முன்னாடியும், 'ஊதுடா பார்க்கலாம்'னேன்.

– ஊதினாரா?

– ஊதினான். குழந்தை மாதிரி வாயைத் திறந்து ஊதினான்.

– வாடை வந்துச்சா?

– வரலை.

– அப்புறம் என்ன?

– 'மோந்து பார்த்தாத் தெரியாத சரக்கெல்லாம் இப்ப வந்துடுச்சு'ன்னு சொன்னேன்மா. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் கையில இருந்த துணியை மடிச்சு பெஞ்சு மேல வச்சுட்டு இறங்கிப் போயிட்டான். அவங்க அக்கா நேத்துல இருந்து எங்கிட்ட பேசலை. சோத்துத் தட்டை வைக்கிற சத்தத்துல இருக்கு மீதிப் பேச்செல்லாம்.

– அவரை விரட்டிட்டீங்க. அப்புறம் இந்தக் கோட்டை மட்டும் தொடாதேன்னு கத்தறீங்க.

– நேத்து சாயங்காலம் நானே துடைக்கலாம்னு துணியை எடுத்தேன். கை வரலை. நேரமாச்சு, எழுந்திருங்க. ஏர்பேக்கைக் கழட்டறேன். நீங்க அந்தப் பக்கமா தள்ளி நில்லுங்க.

– ஒரு விஷயம் கேக்கணும் தம்பி.

– கேளுங்க, காது சும்மாதான் இருக்கு. இந்த ரெண்டு ஸ்க்ரூ. இதோ, கழண்டு வந்துடுச்சு. பாருங்க, இதுதான் பை. மூஞ்சி மேல பார்க்கிற மாதிரிதான் வைக்கணும். குப்புற வச்சு வெடிச்சா பெஞ்சே பறக்கும். என்ன கேட்டீங்க?

– ஒருவேளை... அவர் கட்டியிருந்து, வேற யாராவது வந்து கழட்டியிருந்தா?

– யாரு வருவா? நானும் அவனும்தான் இங்க. பேய் வந்து பெல்ட்டு கழட்டுமா?

– இல்லை, சும்மாத்தான் கேட்டேன்.

– அவனும் அதைத்தான் சொன்னான். 'யாரோ கழட்டியிருக்காங்க மாமா'ன்னு. குடிகாரன் எப்பவும் யாரோன்னுதான் சொல்லுவான். நடு நட்டு இறுகிப் போயிருக்கு... ம்ம்... வந்துடுச்சு. வீல் வெளியே. இந்த டப்பாதான். இதைச் சுத்தறேன், பாருங்க. எங்கேயாவது நிக்குதா? முடிவே இல்லாம சுத்துது. ரிப்பன் அறுந்தாச்சு. நான் சொன்னது சரியாப் போச்சு.

– சரியாப் போச்சுன்னு சொல்றீங்க. சந்தோஷமாத் தெரியலையே.

– தப்பாப் போயிருக்கணும்னு காலையில இருந்து வேண்டிக்கிட்டு இருந்தேன். வேற எதாவது ஒயரு லூசாகி இருக்கும், அவன் மேல தப்பு இருக்காதுன்னு. விடுங்க. அந்த அட்டைப் பெட்டியை எடுங்க, புதுசு அதுலதான் இருக்கு. புதுசுன்னா புதுசு இல்லை. இந்த வயசு வண்டிக்குப் புதுசு கிடைக்காது. பழைய வண்டிகளைப் பிரிச்சு விக்கிற இடத்துல இருந்து வந்தது.

– இதுவா? இது என்ன, குறுக்கும் நெடுக்குமா டேப் ஒட்டி ஒரே பிசுபிசுன்னு... இருங்க, பிச்சுக் கொடுக்கறேன்.

– பிச்சுடாதீங்க! பிச்சா நடு மாறிடும். ரிப்பன் சரியா நடுவுல நிக்கறதுக்குத்தான் அந்த டேப்பு. வீலை மாட்டி இறுக்கின பிறகுதான் அதைப் பிக்கணும்.

– கடைக்காரர் ஒட்டினதா?

– அவன் எங்க ஒட்டுவான். மூட்டையில அள்ளிப் போட்டுத்தான் கொடுப்பான்.

– பின்னே யாரு ஒட்டினது?

– மச்சினன்தான்.

– அவரா? போகச் சொல்லிட்டேன்னு சொன்னீங்களே.

– இங்க இருந்து போனவன் நேரா அந்த இடத்துக்குத்தான் போயிருக்கான். குப்பையில கிடந்த பத்துப் பன்னெண்டு வண்டியைப் பிரிச்சுத் தேடி எடுத்து, நடு பார்த்து, டேப் போட்டு, 'லைப்ரரியம்மா வண்டிக்கு, மாமாகிட்ட கொடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இன்னைக்குக் காலையில கடைக்காரன் கொண்டு வந்து கொடுத்தான்.

– ஒரு சின்ன டப்பாவையே இப்படிக் கட்டி அனுப்பற மனுஷன், அவ்வளவு பெரிய வீலைக் கட்டாமலா விட்டிருப்பாரு?

– தள்ளி நில்லுங்கம்மா. இந்தப் பழைய டப்பாவைக் கழட்டணும்.

– தம்பி, அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

– நான் உக்காந்தா வேலை யாரு பாக்கறது?

– உக்காருங்க. அவர் கட்டினாரு. நான் பார்த்தேன்.

– எதை?

– பெல்ட்டை. திங்கட்கிழமை மத்தியானம் வந்தேன். என்னோட படிக்கிற கண்ணாடியை வண்டியிலேயே விட்டுட்டேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்துச்சு. டீ கொடுக்கிறவர் சொன்னாரு, ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருக்காங்க, உங்க வண்டிதானே, உள்ளே போய் எடுத்துக்கங்கன்னு. குனிஞ்சு உள்ளே போனேன். வண்டி குழி மேல நின்னுச்சு. கதவைத் திறந்து உக்காந்தேன்.

– ம்.

– ஸ்டீரிங்குக்குள்ள பெல்ட்டு முறுக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. யாரோ தெரியாம தப்பா மாட்டியிருக்காங்க, இப்படியே கிடந்தா பெல்ட்டு கெட்டுடுமேன்னு... கழட்டி, நீவி, அதோட இடத்துல விட்டேன்.

– கழட்டினீங்க.

– கழட்டினேன். அப்புறம் ஸ்டீரிங்கைத் தொட்டேன். மாசக்கணக்கா மல்லுக்கட்டின ஸ்டீரிங், ஒரு விரல்ல சுத்துச்சு. ஆகா, அதுக்குள்ள சரி பண்ணிட்டாங்களேன்னு எனக்குக் கொள்ளை சந்தோஷம். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சுத்து சுத்தினேன்.

– எந்தப் பக்கம்?

– வலது பக்கம்.

– எத்தனை சுத்து? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க.

– ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. சுத்திட்டு நேரா வச்சுட்டுத்தான் இறங்கினேன். கோணலா விட்டுட்டு என்னால இறங்க முடியாது தம்பி.

– வலது பக்கம் ஒண்ணு. கேட்டுக்குள்ள விடும்போது வலது பக்கம் முழுசா ஒடிச்சீங்க. கணக்கு சரியா வருது.

– நீங்க பெல்ட்டைப் பத்திச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை. இவ்வளவு நேரம் தண்ணி குடிச்சுக்கிட்டு, கோட்டை எண்ணிக்கிட்டு... இந்தக் கை. அதது இடத்துல வைக்கிறேன், வைக்கிறேன்னு... எந்தத் தண்டனை வேணும்னாலும் கொடுங்க தம்பி.

– உங்களுக்கு என்ன தெரியும்? சீட் பெல்ட்டை வீல்ல கட்டி வச்சிருந்தா, விவரம் தெரியாத யாரா இருந்தாலும் கழட்டத்தான் செய்வாங்க. ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம், 'தொடாதே'ன்னு. ஒட்டலை. உங்களைச் சொல்லி என்ன? பெல்ட்டு தொங்கினதைக் கண்ணால பார்த்தவன் நான். ஒரு போன் போடலை. அவன் மூணு தடவை சொன்னான். நான் அவனை ஊதச் சொன்னேன்.

– தம்பி, அழாதீங்க.

– அழலை. கிரீஸ் கையோட கண்ணைத் தேய்ச்சுட்டேன். என் சட்டைப் பையில போன் இருக்கு, எடுங்க. என் கை ஆகாது. 'மாப்ள'ன்னு இருக்கும். ஸ்பீக்கர்ல போடுங்க.

– இதோ. மணி அடிக்குது.

– எடுக்க மாட்டான். ரோஷக்காரன்.

– இன்னும் அடிக்குது.

– விடுங்க, நானே நேர்ல போறேன்.

– சொல்லுங்க மாமா.

– மாப்ளே! எங்கடா இருக்கே?

– இருக்கேன் மாமா. ஸ்பிரிங் வந்துச்சா?

– வந்துச்சு, வந்துச்சு.

– நடு பார்த்துத்தான் ஒட்டியிருக்கேன். வீலை இறுக்கின பிறகு டேப்பைப் பிச்சாப் போதும். அவசரத்துல முன்னாடியே பிச்சுடாதீங்க மாமா.

– அதெல்லாம் தெரியும்டா. நான் சொல்றதைக் கேளு. நீ கட்டினே.

– எதை மாமா?

– பெல்ட்டை. நீ கட்டினே. தப்பு என்மேல. இந்த லைப்ரரியம்மா மத்தியானம் வந்து, அது என்னன்னு தெரியாம கழட்டியிருக்காங்க. இப்பதான் சொன்னாங்க. இங்கதான் நிக்கிறாங்க.

– தம்பி, நான்தான் பேசறேன். என்னை மன்னிச்சுடுங்க. எல்லாம் என்னாலதான்.

– அட, நீங்களாம்மா? அன்னைக்கு வண்டியை விட வந்தப்ப, பெஞ்சுல கிடந்த என் ஸ்பேனரை எல்லாம் சைஸ் பார்த்து அடுக்கி வச்சீங்களே. மாமா திட்டினாரு. எனக்குப் பிடிச்சிருந்துச்சும்மா. நல்லா இருந்துச்சு.

– டேய், கிளம்பி வாடா. நாலு பேர் முன்னாடி உன்னை ஊதச் சொன்னேன். அதே நாலு பேரைக் கூப்பிட்டு வச்சு, அவங்க முன்னாடியே உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.

– மாமா மன்னிப்புக் கேக்கறதா? சிரிப்பு வருது மாமா.

– சிரி, நல்லா சிரி. என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு? தூங்கலையா?

– நான் எத்தனை தடவை சொன்னேன் மாமா? கட்டினேன், கட்டினேன்னு?

– மூணு தடவை.

– நாலு. நாலாவது தடவை சொல்லும்போது நீங்க உள்ளே போயிட்டீங்க.

– கேக்கலைடா. சத்தியமா கேக்கலை. இப்ப கேட்டுட்டேன்ல? வா. உங்க அக்கா சாப்பிடாம உக்காந்திருக்கா. நேத்துக் கோடு போடலை, இன்னைக்கு வந்து ரெண்டா போடு. சாக்பீஸை நானே எடுத்து வைக்கறேன். இந்தத் தடவை நான் பக்கத்துல நின்னு பார்க்கறேன்டா மாப்ளே.

– மாமா.

– சொல்லு.

– அந்த அம்மா பக்கத்துலதானே நிக்கிறாங்க?

– நிக்கிறாங்க. ஏன்?

– அவங்க கையில ஒரு துணியைக் கொடுத்து, அந்தச் சுவத்தைத் துடைச்சுடச் சொல்லுங்க மாமா.